சாந்தினி சௌக்: சட்டத்துக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு நடை

புது தில்லி: நாடாளுமன்றத்துக்கு அருகே உள்ள மத்திய தலைமைச் செயலக மெட்ரோ நிலையத்தில் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் சாந்தினி சௌக். சாலையோர வியாபாரிகளுக்கான சட்டம் இயற்றப்பட்ட இடத்துக்கும், அந்தச் சட்டம் இன்னும் முழுமையாக வந்து சேராத வீதிக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவுதான்.

குளிர்காலக் காலைகளில் இந்த நிலையத்தின் வாசலிலோ, செங்கோட்டைக்கு எதிரே உள்ள லால் மந்திர் எனப்படும் சமணக் கோயிலின் முன்போ சிறு குழுக்கள் கூடி நிற்பதைக் காணலாம். வெளிநாட்டுப் பயணிகள், அலுவல் நிமித்தம் தலைநகருக்கு வந்த மும்பை, பெங்களூர்வாசிகள், தெற்கு தில்லியிலும் குருகிராமிலும் பல ஆண்டுகள் வசித்தும் பழைய தில்லிக்குள் கால் வைக்காதவர்கள் எனப் பலதரப்பினரும் அவற்றில் இருப்பார்கள். வழிகாட்டி ஒருவர் அவர்களை மூன்று, நான்கு மணி நேரம் சந்துகளின் வழியே நடத்திச் செல்வார். வழியில் ஏழெட்டு இடங்களில் தின்பதற்கோ குடிப்பதற்கோ ஏதேனும் கிடைக்கும். அவற்றின் விலையும் கட்டணத்திலேயே அடக்கம்.

"உணவு நடை" என்று அழைக்கப்படும் இந்தச் சுற்றுலா, கடந்த பதினைந்து ஆண்டுகளில் பழைய தில்லியின் முகவரியாகவே ஆகிவிட்டது. செங்கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் ஜிலேபி தின்ற காலம் போய், ஜிலேபிக்காக வந்தவர்கள் செங்கோட்டையை எட்டிப் பார்க்கும் காலம் இது. விளம்பரங்களில் இந்த உணவு "பாரம்பரியம்" எனப்படுகிறது. அதைச் சமைத்து விற்பவர்களில் பலர் மாநகராட்சிக் கோப்புகளில் "ஆக்கிரமிப்பாளர்கள்" எனப்படுகிறார்கள். ஒரே தட்டுக்கு இரண்டு பெயர்கள் எப்படி வந்தன என்பதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. சொன்னால் கேட்போரின் பசி கெடும் என்று அவர்கள் நினைக்கலாம்.

ஜஹானாரா வகுத்த கடைவீதி: ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற முடிவு செய்த ஷாஜஹான் 1639-ஆம் ஆண்டில் ஷாஜஹானாபாத் நகருக்கு அடித்தளமிட்டார். 1648-இல் அரசவை இங்கு குடியேறியது. செங்கோட்டையின் லாகூர் வாயிலிலிருந்து மேற்கே ஃபதேபுரி மசூதி வரை நேராக ஓடும் கடைவீதி, அவரது மகள் ஜஹானாரா பேகம் 1650-ஆம் ஆண்டையொட்டி அமைத்தது. வீதியின் நடுவே கால்வாய் ஓடியது. அதில் விழுந்த நிலவொளியால் சாந்தினி சௌக் என்ற பெயர் வந்தது என்பர். கால்வாய் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இந்தக் கால்வாயைப் பற்றி ஏறக்குறைய எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை ஒன்று உண்டு. புதிய நகரின் தண்ணீர் உடலுக்கு ஒவ்வாது என்று அரசவை ஹகீம்கள் கவலைப்பட்டு, காரமும் புளிப்பும் நெய்யும் நிறையச் சேர்த்துக்கொள்ளுமாறு மக்களுக்கு அறிவுரை கூறினார்களாம். தில்லியின் சாட் வகைகள் அப்படிப் பிறந்தனவாம். கதை சுவையாக இருக்கிறது. எனினும் அதற்கு ஆவணச் சான்றைவிட வாய்வழி வழக்கே பெரிய ஆதாரம். இன்றைய சாட்டின் உயிர்நாடியான மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழிகாட்டியை நம்பி நடக்கலாம்.

உண்மையில் இந்நகரின் உணவை ஹகீம்களைவிட அதிகம் மாற்றியவை படையெடுப்பும் பிரிவினையும்தான். 1739-இல் நாதிர் ஷாவின் படையினர் இந்த வீதியில் படுகொலை நிகழ்த்தினர். 1857 புரட்சியை ஒடுக்கிய பிறகு ஆங்கிலேயர் நகர மக்களை வெளியேற்றினர். செங்கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையே இருந்த குடியிருப்புகள் பெருமளவில் இடிக்கப்பட்டன. முஸ்லிம்கள் திரும்பி வர அதிகக் காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1947-இல் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் பாகிஸ்தான் சென்றன. மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகள் வந்தனர். சோலே பட்டூரே தில்லியின் காலை உணவானதும், தரியாகஞ்ச் பகுதியில் தொடங்கப்பட்ட மோத்தி மஹால் உணவகத்தின் தந்தூரி கோழி புகழ்பெற்றதும் அதன் பிறகே. பட்டர் சிக்கனை முதலில் உருவாக்கியவர் யார் என்ற தகராறு 2024-ஆம் ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது.

வீதியின் சைவப் பாதி: நடை பெரும்பாலும் தரீபா கலான் முனையில் உள்ள ஜிலேபிக் கடையில் தொடங்கும். 1884-ஆம் ஆண்டு முதல் இயங்குவதாகப் பெயர்ப்பலகை சொல்கிறது. இங்கு ஜிலேபி தடிமனாக, நெய்யில் பொரிக்கப்பட்டு, பாகு சொட்டச் சொட்டக் கைக்கு வருகிறது. நம்மூர் ஜாங்கிரியை நினைத்துக்கொண்டு செல்பவர்களுக்கு இதன் புளிப்பு புதிதாக இருக்கும். ஜாங்கிரிக்கு உளுந்து, இதற்குப் புளிக்கவைத்த மைதா மாவு.

அடுத்து சீஸ்கஞ்ச் குருத்வாரா. 1675-இல் ஔரங்கசீப் ஆட்சியில் குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்ட இடம் இது. தலையைத் துணியால் மூடி உள்ளே செல்லும் பயணிகள் லங்கர் சமையற்கூடத்தில் அமர்ந்து சப்பாத்தி தேய்க்கலாம். தேய்த்தவர், தேய்க்காதவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் தரையில் வரிசையாக உணவு பரிமாறப்படும். காசு கொடுத்து உண்ணும் இந்த நடையில் காசில்லாமல் உண்ணும் ஒரே இடம் இதுவே.

தெற்கே திரும்பும் குறுகிய சந்து பராண்டேவாலி கலி. பராட்டா என்றதும் தமிழர் மனத்தில் தோன்றும் மைதா அடுக்குகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கோதுமை மாவுக்குள் முள்ளங்கி, பட்டாணி, பாகற்காய், ரப்டி என்று எதையாவது வைத்துத் தேய்த்து, கல்லில் சுடாமல் வாணலியில் நெய் விட்டுப் பொரிக்கிறார்கள். பூரிக்கும் பராட்டாவுக்கும் இடைப்பட்ட பண்டம் எனலாம். மரபான கடைகளில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. தொட்டுக்கொள்ளப் பூசணிக்காய்க் கறி. ஜவாஹர்லால் நேரு இங்கு குடும்பத்துடன் அமர்ந்து உண்ணும் புகைப்படத்தைக் கடைக்காரர்கள் பெருமையுடன் காட்டுகிறார்கள். சந்து முழுவதும் பராட்டாக் கடைகளாக இருந்த நிலை மாறி, இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகளே உள்ளன. மற்றவை துணிக் கடைகளாகிவிட்டன. காரணம் எளியது: ஒரு சதுர அடிக்குச் சேலை தரும் லாபத்தைப் பராட்டா தருவதில்லை.

கூரை உள்ள கடைகளுக்கும் இங்கு வாழ்வு நிச்சயமில்லை. 1790-ஆம் ஆண்டு முதல் சோஹன் அல்வா விற்றுவந்த கண்டேவாலா கடை, முகலாயர், ஆங்கிலேயர், சுதந்திர இந்தியா என மூன்று ஆட்சிகளைப் பார்த்த பிறகு 2015-இல் மூடப்பட்டது. 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டாலும், இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் நடைக் குழுக்கள் பூட்டிய கதவின் முன் நின்று வரலாறு கேட்டுச் சென்றன.

நகர மண்டபத்துக்கு அருகே "பண்டா" விற்கும் கடை தமிழர்களுக்கு ஊர் நினைவை ஊட்டும். பண்டா என்பது கோலிக்குண்டு. நம்மூர் கோலி சோடா இங்கு எலுமிச்சைச் சாறும் கறுப்பு உப்பும் கலந்து தரப்படுகிறது. 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற அதே குப்பிதான் இரண்டு ஊர்களிலும். கோடையில் இதன் இடத்தை ரூஹ் அஃப்ஸா பிடித்துக்கொள்ளும். 1906-இல் பழைய தில்லியில் ஹம்தர்த் மருந்தகத்தைத் தொடங்கிய ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத், வெயிலின் கொடுமையைத் தணிக்க உருவாக்கிய சிவப்பு நிற சர்பத் அது. பிரிவினையில் அவரது குடும்பமும் பிரிந்தது. இளைய மகன் கராச்சி சென்றார். சர்பத் இரு நாடுகளுக்கும் பொதுவாகிவிட்டது.

வீதியின் மேற்குக் கோடியில் ஃபதேபுரி மசூதியைத் தாண்டினால் காரி பாவ்லி. மசாலாப் பொருள்களின் மொத்தச் சந்தையான இங்கு போடிநாயக்கனூரிலும் இடுக்கியிலும் ஏலம் போகும் ஏலக்காய்கூட மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மிளகாய் நெடியில் வெளிநாட்டவர் இருமுவதும், சுமைத் தொழிலாளர்கள் அவர்களை விலகச் சொல்லிக் குரல் கொடுப்பதும் அன்றாடக் காட்சி. இப்பகுதி ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்பதை அறியாமல் விடுமுறை நாளில் வந்து ஏமாறுவோர் உண்டு.

பனியில் பிறக்கும் பண்டம்: இந்த நடையின் அரிய பொருள் தௌலத் கி சாட். தௌலத் என்றால் செல்வம். பெயரில் சாட் இருந்தாலும் இதில் காரம் கிடையாது. பாலையும் பாலேட்டையும் விடியுமுன் பல மணி நேரம் கடைந்து, பொங்கி வரும் நுரையை மட்டும் அள்ளிப் பெரிய தட்டில் சேர்க்கிறார்கள். குளிரும் பனியும் இருந்தால்தான் நுரை நிற்கும். மேலே குங்குமப்பூ நீர், கோவா, பிஸ்தா, நாட்டுச் சர்க்கரை. வாயில் வைத்த கணமே கரைந்து இனிப்பு மட்டும் நிற்கும். லக்னௌவில் இதை மக்கன் மலாய் என்றும், காசியில் மலய்யோ என்றும் சொல்கிறார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டுமே இது கிடைக்கும். கினாரி பஜாரிலும் அதையொட்டிய சந்துகளிலும் மூங்கில் முக்காலி மேல் தட்டை வைத்து, வெள்ளைத் துணியால் மூடி விற்கிறார்கள். வெயில் ஏறினால் நுரை அமிழ்ந்துவிடும் என்பதால் கையிருப்பைக் காலையிலேயே விற்றுத் தீர்க்க வேண்டும். செய்பவர்களில் பலர் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பகுதியைச் சேர்ந்தவர்கள். கடையில்லை, கூரையில்லை, பெயர்ப்பலகை இல்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்துக்குச் சென்றால் கடையும் கூடவே சென்றுவிடும். நகரின் பெரிய உணவகங்கள் இந்தப் பண்டத்தை நவீன முறையில் செய்து, பல மடங்கு விலையில் வெள்ளிக் கிண்ணத்தில் தருகின்றன. முக்காலி வியாபாரியிடம் அதிகாரி கேட்கும் கேள்வி ஒன்றே: சான்றிதழ் எங்கே?

சட்டம் என்ன சொல்கிறது?: சாலையோரத்தில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு அளிக்கும் தொழில் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சோதன் சிங் வழக்கில் 1989-இலேயே கூறிவிட்டது. அந்த வழக்கும் தில்லியில் எழுந்ததே. ஆனால் உரிமையை நடைமுறைப்படுத்தச் சட்டம் இல்லை. தெருவில் சமைத்து விற்பதை தில்லி மாநகராட்சி தடை செய்தபோது, 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலும் அதற்குக் கிடைத்தது. தடை தாளில் இருந்தது. வாணலி அடுப்பில் இருந்தது. இரண்டுக்கும் இடையே யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

கெய்ந்தா ராம் வழக்கில் 2010 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2011 ஜூன் 30-க்குள் சட்டம் இயற்ற வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொண்டது. மசோதா மக்களவையில் அறிமுகமானதே 2012 செப்டம்பர் 6 அன்றுதான். சரியாக ஓராண்டு கழித்து, 2013 செப்டம்பர் 6 அன்று, மக்களவை அதை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் 2014 பிப்ரவரி 19 அன்று நிறைவேறியது. தெலங்கானா மசோதாவையொட்டிய அமளியில் இரு அவைகளும் கொந்தளித்துக்கொண்டிருந்த வாரம் அது. இந்த மசோதா நிறைவேறியதை அன்று கவனித்தவர் குறைவு.

2014 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம், படிக்கும்போது தாராளமாகவே தெரிகிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அது முடிந்து, அனைவருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் வெளியேற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தில்லியின் மக்கள்தொகை சுமார் 1.68 கோடி. அந்தக் கணக்கில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இடம் உண்டு.

பழைய தில்லிக்குப் பொருத்தமான விதி சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரிகள் தொழில் செய்துவரும் இயற்கையான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும். அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது. 370 ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைவீதியாகவே இருந்துவரும் சாந்தினி சௌக் இதில் அடங்காவிட்டால், நாட்டில் வேறு எந்த வீதி அடங்கும் என்று வியாபாரிகள் தரப்பில் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நடந்தது வேறு. விதிகள், செயல்திட்டம், விற்பனைக் குழுக்களின் அமைப்பு என ஒவ்வொரு படியிலும் தாமதமும் வழக்கும் குறுக்கிட்டன. தில்லி மாநகராட்சியே 2012-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, 2022-இல் மீண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டது. சாந்தினி சௌக் முதன்மை வீதியோ விற்பனை தடை செய்யப்பட்ட பகுதியாக வகைப்படுத்தப்பட்டது. அங்கு அமர்ந்து விற்பவர்களை அகற்றக் கோரி வணிகர் சங்கத்தினர் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினர்.

கடைக்காரர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வாடகையும் வரியும் கட்டிக் கடை நடத்துபவரின் வாசலை மறித்து, அவர் விற்கும் பொருளையே பாதி விலைக்கு விற்றால் கோபம் வராமல் இருக்காது. நெருக்கமான சந்துகளில் எரிவாயு உருளைகள் இருப்பதால் தீ அச்சமும் உண்டு. அதே கடைக்காரர்களின் ஊழியர்கள் மதிய உணவுக்கு நம்பியிருப்பது எதிரே நிற்கும் குல்சா வண்டியை என்பதும் உண்மை. வணிகர்களின் குரலுக்கு இன்று அவையில் நேரடி இடம் இருக்கிறது. கபில் சிபல், ஹர்ஷ் வர்தன் போன்றவர்கள் வென்ற சாந்தினி சௌக் மக்களவைத் தொகுதியில் 2024-இல் வென்றவர், அகில இந்திய வணிகர் கூட்டமைப்பின் தலைவர்களில் ஒருவரான பாஜகவின் பிரவீண் கண்டேல்வால். முக்காலி வியாபாரிக்கு அப்படியொரு முகம் கிடையாது.

சிவப்புக் கல் பதித்த 1.3 கி.மீ.: செங்கோட்டை முனையிலிருந்து ஃபதேபுரி வரை 1.3 கி.மீ. தொலைவுக்குச் சிவப்புக் கல் பதித்துச் சீரமைக்கப்பட்ட வீதியை 2021 செப்டம்பர் 12 அன்று அப்போதைய முதல்வர் அரவிந்த் கேஜரிவால் திறந்துவைத்தார். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. இரவில் தெரு உணவுக்கு அனுமதி தரப்படும் என்றும் அவர் அறிவித்தார்.

நடப்பவருக்கு இது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. முன்பு சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையே உடலைச் சாய்த்துச் சாய்த்து நடக்க வேண்டியிருந்தது. ஆயினும் கல் பதித்த சில மாதங்களிலேயே தடுப்புத் தூண்கள் உடைந்ததாகவும், தடையை மீறி வாகனங்கள் நுழைவதாகவும் புகார்கள் எழுந்தன. நடப்பதற்கென அமைத்த வீதியில் நடந்துகொண்டே தின்பதற்கான வண்டி நிற்கக் கூடாது என்ற முரண்பாட்டுக்கும் விடை கிடைக்கவில்லை. இதன் விளைவை உணவு நடைகளில் காண முடிகிறது. குழுக்கள் முதன்மை வீதியில் வரலாற்றைக் கேட்டுவிட்டு, தின்பதற்குப் பக்கச் சந்துகளுக்குள் நுழைகின்றன.

மசூதியின் நிழலில்: சாந்தினி சௌக்கிலிருந்து தரீபா வழியாகத் தெற்கே நடந்தால் சில நிமிடங்களில் ஜும்மா மசூதி. 1644 முதல் 1656 வரை கட்டப்பட்டது. அதன் முதலாவது வாயிலுக்கு எதிரே உள்ள மட்டியா மஹல் வீதியில் மணமே மாறிவிடுகிறது. 1913 முதல் இயங்கும் கரீம் உணவகம், கரி அடுப்புகளில் கபாப் சுடும் கடைகள், பெரிய தவாக்களில் பொரியும் கோழி. விடியற்காலையில் வந்தால் நிஹாரி கிடைக்கும். காலை என்று பொருள்படும் நஹர் என்ற சொல்லிலிருந்து பெயர் பெற்ற இந்த இறைச்சிக் குழம்பு, இரவெல்லாம் மெல்லிய தீயில் வேகும். முந்தைய நாளின் குழம்பில் ஒரு பங்கைப் புதிய குழம்பில் சேர்ப்பது வழக்கம். ரமலான் மாத இரவுகளில் இந்த வீதி உறங்குவதே இல்லை.

சில நிறுவனங்கள் "சைவ நடை", "அசைவ நடை" என்று இரண்டாகப் பிரித்து நடத்துகின்றன. வசதிக்கான ஏற்பாடு என்றாலும், இந்த நகரைப் புரிந்துகொள்ள அது உதவாது. சமணரும் கத்ரிகளும் வெங்காயமில்லாமல் சமைத்த சந்தும், நிஹாரி வெந்த சந்தும் ஒன்றையொன்று கூப்பிடு தொலைவில் பல நூற்றாண்டுகள் இருந்திருக்கின்றன. ஒரு பாதியை மட்டும் தின்றுவிட்டு தில்லியைக் கண்டதாகச் சொல்வது, ஒரு கட்சியின் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு விவாதத்தைச் செய்தியாக்குவது போன்றது.

மேலும் தெற்கே சீதாராம் பஜார். பழங்களைக் குடைந்து அவற்றுக்குள் குல்ஃபியை உறையவைத்துத் தரும் பழைய கடை இங்கே இருக்கிறது. அதையொட்டிய சந்துகளில் ஒன்றில்தான் கமலா நேரு பிறந்த கௌல் குடும்பத்தினரும் மற்ற காஷ்மீரப் பண்டிதர்களும் வாழ்ந்தனர். 1916 பிப்ரவரியில் ஜவாஹர்லாலின் திருமண ஊர்வலம் அலகாபாதிலிருந்து இந்த பஜாருக்கு வந்தது. இங்கிருந்து துர்க்மான் வாயில் நடக்கும் தொலைவுதான். நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், வீடுகளை இடிக்க வந்த இயந்திரங்களுக்கு எதிராக மக்கள் திரண்டதும் போலீஸார் துப்பாக்கிச் சூடு நடத்தியதும் அங்கேதான். நேருவின் திருமணத்தைச் சொல்லும் வழிகாட்டிகள் அவரது பேரனின் காலத்து இடிப்பைச் சொல்லாமல் கடந்துவிடுவது உண்டு. குல்ஃபி உருகிவிடும் அவசரமும் காரணமாக இருக்கலாம்.

கடன் உண்டு, இடம் இல்லை: கரோனா பொதுமுடக்கத்தில் தொழிலிழந்த சாலையோர வியாபாரிகளுக்கு ரூ. 10,000 கடன் வழங்கும் "பிரதமர் ஸ்வநிதி" திட்டத்தை மத்திய அரசு 2020 ஜூனில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் முதல் தவணைக் கடன் ரூ. 15,000-ஆக உயர்த்தப்பட்டு, திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. சிறு உணவு வியாபாரிகள் உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஆக, சாலையோர வியாபாரிக்கு அரசின் கடன் கிடைக்கிறது; உணவுப் பதிவு கிடைக்கிறது. நிற்பதற்கான இடம்தான் உறுதியாகக் கிடைப்பதில்லை.

2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்தபோது, தலைநகரில் அச்சட்டத்தின் கீழ் பதிவான முதல் வழக்கு, பழைய தில்லியின் விளிம்பில் உள்ள கமலா மார்க்கெட் காவல் நிலையத்தில் பதிவானது. குற்றம்: புது தில்லி ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் கீழ் தண்ணீர் பாட்டில் முதலியவற்றை விற்று வழியை மறித்தது. விமர்சனம் எழுந்ததும் அந்த வழக்கு கைவிடப்பட்டதாக மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அன்றே விளக்கமளித்தார். புதிய சட்டத்தை எடுத்துக்கொண்ட கை முதலில் நீண்ட திசை இது.

உணவு நடையின் பொருளாதாரமும் பெரும்பாலும் கூரை உள்ள கடைகளின் பக்கமே சாய்கிறது. வாடிக்கையாளரின் வயிறு கெட்டால் நிறுவனத்தின் பெயர் கெடும் என்பதால், அமர இடமும் கை கழுவ நீரும் உள்ள கடைகளையே அவை நாடுகின்றன. வண்டிக்காரரும் முக்காலிக்காரரும் புகைப்படத்தில் இடம்பெறும் அளவுக்குப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. வண்டிகளில் வாங்கித் தரும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இதே சந்துகளில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால், எந்த வண்டிக்காரர் எண்ணெய் மாற்றுகிறார், எவர் மாற்றுவதில்லை என்பது தெரியும். அதிகாரிகளின் வாகனம் வருகிறது என்ற செய்தி சந்துக்குள் பரவும்போது, தட்டைக் கையில் பிடித்தபடி பயணிகள் நிற்க, வண்டி மட்டும் நகர்ந்துவிடும் காட்சியும் அவர்களுக்குப் புதிதல்ல.

பறிமுதல் பற்றியும் சட்டம் பேசுகிறது. கெட்டுப்போகாத பொருளை இரண்டு வேலை நாள்களுக்குள்ளும், கெட்டுப்போகும் பொருளை உரிமை கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும். காலையில் பறித்த தௌலத் கி சாட் தட்டை மாலையில் திருப்பித் தந்தால் விதி மீறப்படவில்லை. தட்டில் பால் இருக்கும்.

சான்றிதழ் பெறவும் ஒரு நிபந்தனை உண்டு. தனக்கு வேறு வாழ்வாதாரம் இல்லை என்று வியாபாரி உறுதிமொழி தர வேண்டும். தௌலத் கி சாட் விற்பவர்களுக்குத் தொழில் நான்கு மாதங்கள்தான். ஹோலிக்குள் முக்காலிகள் மறைந்துவிடும். சிலர் தில்லியிலேயே வேறு பண்டம் விற்கிறார்கள். சிலர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு கோடையில் நடந்தால், கினாரி பஜாரில் அவர்கள் நின்ற இடத்தில் கணக்கெடுப்பாளர் குறித்துக்கொள்ள எவரும் இருக்க மாட்டார்கள்.